சின்ன நாற்காலிகள்

காஜா பேராங் சாலை,
மலாக்கா.
17-2-1957

என் அன்பு மனைவி விஜயாவுக்கு,

ஜெயபாலன் எழுதிக்கொள்வது. நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் சிவகாமியும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு அதுவே போதும். பொங்கலுக்கு ஒரு வரியாவது வரும் என்று தபால்காரனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாயும் இல்லை.

பஸ்ஸை வாய்க்காலில் இறக்கியதற்குக் கம்பெனியில் என்னை நீக்கிவிடுவார்கள் என்று நீ நினைத்தாய் அல்லவா? நீக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, பஸ் கழுவு என்றார்கள். போன மாதக் கடைசியில், கழுவிக்கொண்டிருக்கும்போதே வாந்தி எடுத்தேன். ரத்தம். டிப்போவில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் கொண்டு போட்டார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். பயப்பட வேண்டாம்.

அங்கே வார்டில் சேதுராமன் என்று ஒரு டிரெஸ்ஸர். ஊசி போட வரும்போதெல்லாம் என்னிடம் பேச்சுக் கொடுப்பார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் சொன்னார்: “இந்தா பாருங்க ஜெயபாலன், மருந்து எங்கிட்ட இருக்கு, குடுத்துட்டேன். ஆனா நீங்க இங்கருந்து நேரா கள்ளுக்கடைக்குத்தான் போவீங்க. எத்தனை பேரப் பார்த்துட்டேன்.” நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பண்டார் ஹிலிரில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அறை இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, குடியை விட முடியாமல் தவிக்கிற சில பேர் அங்கே கூடுவார்களாம். லாசரோ என்கிற, போர்த்துகீசிய வம்சத்துச் செராணிக்காரர் ஒருவர் நடத்துகிறாராம். முன்னே சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது, அங்கே வெள்ளைக்காரர்கள் சிலர் இப்படிக் கூடியதைப் பார்த்து, தானும் இங்கே ஆரம்பித்தாராம். “மதம் மாத்துவாங்களா?” என்று கேட்டேன். “கோப்பி குடுப்பாங்க” என்றார்.

இன்றைக்கு ஞாயிறு. போனேன். வாசல் வரைக்கும் போனேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். வரும் வழியில் எங்கே நுழைந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நீ ஊகித்துக்கொள்வாய்.

சித்திரைக்காவது வந்துவிடு, விஜயா. பக்கத்து வீட்டு சாரதாம்பாள் அக்காள் தினமும் உன்னை விசாரிக்கிறார். சிவகாமிக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள
ஜெயபாலன்


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
சிகாமட்.
3-3-1957

சிவகாமியின் அப்பாவுக்கு,

விஜயா எழுதியது. கடிதம் கிடைத்தது. அண்ணி முதலில் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள். இந்த வீட்டில் அப்படித்தான். நீங்களும் அதை மனதில் வைத்து எழுதுங்கள்.

ரத்தம் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். கஞ்சி குடியுங்கள். மிளகாய் சேர்க்க வேண்டாம். சாரதாம்பாள் அக்காளிடம் மோர் கேட்டால் கொடுப்பார்கள்.

அந்த அறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் என்ன சொல்ல? மாரியம்மன் கோயிலில் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தீர்கள். கையில் கொப்புளம் ஆறுவதற்குள் மறந்தீர்கள். தம்பினிலிருந்து வந்த சாமியார் இடுப்பில் தாயத்துக் கட்டினார். தாயத்தையும் கட்டிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போனீர்கள். சிவகாமி தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வந்தபோது மட்டும் நான் பிள்ளையை இழுத்துக்கொண்டேன். அது நினைவு இருக்கிறதா? சத்தியம் கேட்டுக் கேட்டு என் காது தேய்ந்துவிட்டது. இப்போது மாதா கோயில் என்கிறீர்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போய் வந்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று உங்கள் அம்மா சொல்வார்கள். என் அண்ணனும் அதே சயாமுக்குத்தான் போனார். அவரும் இரவில் அலறி எழுந்திருக்கிறார், அண்ணி சொல்வார்கள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

நான் பஸ் கவிழ்ந்ததற்காக வீட்டை விட்டு வரவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் நீங்கள் வரும்போது சிவகாமி படித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, “அம்மா, இன்னிக்கு அப்பா செருப்புச் சத்தம் நல்ல சத்தம்” என்றாள். எட்டு வயதுப் பிள்ளை அதைக் கற்று வைத்திருக்கிறது. அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

அவள் இங்கே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள். நான் ஏழாவது வரை படித்தவள் என்று தெரிந்து, தலைமையாசிரியர் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரச் சொல்லியிருக்கிறார். போகலாம் என்று இருக்கிறேன்.

சித்திரைக்கு வர இயலாது.

இப்படிக்கு,
விஜயா


காஜா பேராங் சாலை,
மலாக்கா.
24-3-1957

என் அன்பு மனைவி விஜயாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து மடித்து, மறுபடி பிரித்துப் படித்தேன். செருப்புச் சத்தம் பற்றி நீ எழுதியதைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் வேறு செய்தி எழுதுகிறேன்.

அந்த அறைக்குள் போய்விட்டேன். போன வாரம் போனேன், இன்றைக்கும் போய் வந்தேன்.

பெரிய கூட்டம் என்று நினைக்காதே. என்னையும் சேர்த்து நான்கு பேர். அது சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற அறை. சுவரில் யானை, வாத்துப் படம். உட்கார இருப்பதெல்லாம் பிள்ளைகளின் நாற்காலிகள். லாசரோ ஆறடி உயரம், தலை முழுக்க நரைத்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் நெஞ்சில் இடிக்கிறது. நாங்கள் எல்லாருமே அப்படித்தான் குந்தியிருக்கிறோம். கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு சீனர் வருகிறார். அவர் நாற்காலி உடைந்துவிடும் என்று தரையில் உட்காருகிறார்.

நான்காவது ஆள் யார் தெரியுமா? நம் வீட்டுக்குப் பின்னால் சிட்டி கம்பத்தில் இருக்கிற தம்பிராஜா பிள்ளை. கோயில் திருவிழாவில் சரோங் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பாரே, அவர்தான். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. எனக்கும் அப்படித்தான். தெருவில் பார்க்கிற ஆள் அல்லவா. நான் திரும்பிப் போகப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். “டுடுக் டூலு” என்றார். முதலில் உட்கார் என்று அர்த்தம். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் சிட்டிக் குடும்பம், அவருக்குத் தமிழ் வராது. நெற்றியில் விபூதி, வாயில் மலாய்.

பேச்சு எல்லாம் மலாயில்தான், நான்கு பேருக்கும் பொதுவாக இருப்பது அதுதானே. ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்கிறார்கள். மற்றவர்கள் கேட்கிறார்கள். நடுவில் யாரும் பேசுவதில்லை. முடிந்ததும் ‘ஐயோ பாவம்’ என்றும் இல்லை, ‘இனிமேல் இப்படிச் செய்’ என்றும் இல்லை. யாரும் எனக்குப் புத்தி சொல்லவில்லை விஜயா. வாழ்நாளில் எனக்குப் புத்தி சொல்லாத இடம் அது ஒன்றுதான். நான் வாயைத் திறக்கவில்லை. கோப்பி குடித்துவிட்டு வந்தேன்.

சத்தியம் செய்யச் சொல்வார்கள் என்று பயந்திருந்தேன். கேட்கவே இல்லை. லாசரோ சொல்கிறார், நாளைக்குக் குடிப்பாயா மாட்டாயா என்று நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமாம். இன்றைக்கு வேண்டாமாம். அவ்வளவுதான்.

இன்றைக்குக் குடிக்கவில்லை.

இப்படிக்கு,
உன்
ஜெயபாலன்


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
சிகாமட்.
14-4-1957

சிவகாமியின் அப்பாவுக்கு,

வருஷப் பிறப்பு. அண்ணன் வீட்டில் பாயசம் வைத்தார்கள். சிவகாமிக்குப் பல் விழுந்திருக்கிறது, மேல் பல். உங்களுக்கு எழுதச் சொன்னாள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த அறையில் ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்கிறார்கள் என்று எழுதினீர்கள். உங்கள் கதையில் நான் வருவேன் அல்லவா? நான் சுவரோடு நின்றது, அரிசி டின்னை மறைத்து வைத்தது, சாரதாம்பாள் அக்காள் வீட்டுப் பின்கட்டில் பிள்ளையோடு படுத்தது, இதையெல்லாம் ஒரு செராணியும் ஒரு சீனரும் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டு கேட்பார்களா? தம்பிராஜா பிள்ளையின் மனைவி சந்தையில் என்னைப் பார்த்தால் சிரிப்பாரா, தலையைக் குனிவாரா?

பத்து வருஷம் நான் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றியது ஒன்று இருந்தது. வீட்டுக்குள் என்ன நடந்தாலும் வெளியே கோலம் போட்டு வைத்தேன். உங்களுக்கு இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. எனக்கு எங்கே இருக்கிறது?

சண்டை போடுவதற்காக எழுதவில்லை. போட எனக்குத் தெம்பும் இல்லை. பள்ளியில் முப்பது பிள்ளைகள். மத்தியானம் தொண்டை வற்றிவிடுகிறது.

விஜயா


காஜா பேராங் சாலை,
மலாக்கா.
12-5-1957

அன்புள்ள விஜயாவுக்கு,

நீ வருஷப் பிறப்பன்று கடிதம் எழுதினாய். அதே நாளில் நான் குடித்தேன். யாரும் சொல்லி உனக்குத் தெரிய வருவதற்கு முன்னால் நானே எழுதுகிறேன்.

ஒரு காரணமும் இல்லை. கோயிலுக்குப் போனேன், எல்லாரும் பிள்ளை குட்டிகளோடு புதுத்துணி உடுத்தி வந்திருந்தார்கள். சாமி கும்பிட்டேன். வெளியே வந்தேன். பிறகு கள்ளுக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கள் போதாது என்று சம்சுச் சாராயமும் வாங்கினேன். அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு அந்த அறைக்குப் போகக் கால் வரவில்லை. தம்பிராஜா பிள்ளை வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் தட்டவில்லை. படியில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சட்டை மாட்டிக்கொண்டு வரும் வரைக்கும் அங்கேயே இருந்தார். இருவரும் நடந்தே போனோம். அங்கேயும் யாரும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்ததும் லாசரோ கோப்பியை நீட்டினார். கை ஆடி மேலே கொட்டிக்கொண்டேன். அன்றைக்குத்தான் நான் முதல் தடவை பேசினேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. உன் பெயர்கூட அங்கே யாருக்கும் தெரியாது. நான் செய்ததை மட்டும் சொன்னேன். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். நீ அங்கே இருந்தவள், உனக்குத் தெரியும். மலாயில் சொன்னதால்தான் சொல்ல முடிந்தது, விஜயா. தமிழில் சொல்லியிருந்தால் என் அப்பா காதில் விழுந்தது போல ஒரு கூச்சம் வந்திருக்கும். மலாயில் சொல்லும்போது வேறு ஒருத்தனைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. பாதியில்தான் அது நான் என்று தெரிந்தது.

நீ எங்கே இறக்கி வைப்பது என்று கேட்டாய். என்னிடம் இறக்கி வைக்கலாம் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

சிவகாமியின் புதுப் பல் முளைத்ததா?

ஜெயபாலன்


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
சிகாமட்.
21-7-1957

சிவகாமியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபம் இல்லை. பள்ளியில் பரீட்சை, சிவகாமிக்கு அம்மை வார்த்து இறங்கியது. இப்போது நன்றாக இருக்கிறாள். முகத்தில் இரண்டே தழும்பு, அதுவும் மறைந்துவிடும்.

அண்ணன் போன வாரம் ரயில்வே சங்க வேலையாக மலாக்கா வந்தவர் உங்களைப் பார்த்தேன் என்றார். முதலில் டிப்போவுக்கு வெளியே மறைந்து நின்றுதான் பார்த்தாராம். உங்களுக்கே தெரியும், கலியாணசுந்தரம் என்றால் சந்தேகம் என்று அர்த்தம். பிறகுதான் உங்களைக் கூப்பிட்டுக் கோப்பிக் கடையில் உட்கார வைத்துப் பேசினாராம். வந்து அண்ணியிடம் சொல்கிறார்: “மாப்பிள்ளை கை நடுங்கல. குவளைய ஒத்தக் கையால எடுத்துக் குடிக்கிறாரு. கண்ணுல மஞ்ச இல்ல. என்னப் பார்த்து ‘மச்சான், சாப்ட்டீங்களா’ன்னு கேட்டாரு.” அண்ணி நம்பவில்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுபடி தம்பின் லைனில் ஓட்டக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். இதை நீங்கள் எனக்கு எழுதவே இல்லை. ஏன்?

ஆகஸ்டு 31 மெர்டேகா, நாட்டுக்குச் சுதந்திர நாள். இங்கே பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஊர்வலம் போகிறார்கள். புதுக் கொடி ஏற்றும்போது பாடுகிற பிள்ளைகளில் சிவகாமியும் ஒருத்தி. வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருக்கிறேன். “அப்பா வருவாரா?” என்றாள். எனக்குத் தெரியாது என்றேன்.

அண்ணனிடம் கேட்டேன். அவர் சரி என்றார். அன்றைக்கு நீங்கள் வந்தால், மறுநாள் நாங்கள் உங்களோடு மலாக்கா வருகிறோம். பள்ளியில் நான் இன்னும் நிரந்தரம் இல்லை, சொல்லிக்கொண்டு வந்துவிடலாம். பார்ப்போம். இதை எழுதும்போதே எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
விஜயா


காஜா பேராங் சாலை,
மலாக்கா.
25-8-1957

என் அன்பு விஜயாவுக்கு,

பஸ் ஓட்டக் கொடுத்ததை ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். எழுதினால் உன்னை அழைப்பதற்காக எழுதியது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். சாரதாம்பாள் அக்காள் வந்து அடுப்படியைக் கழுவிக் கொடுத்தார். ஊரெல்லாம் தோரணம். எல்லாரும் மெர்டேகா மெர்டேகா என்கிறார்கள். எங்கே போனாலும் குடிக்க வா என்றும் கூப்பிடுகிறார்கள். நான் அன்றைக்கு ஊரிலேயே இருக்க மாட்டேன் என்பது எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது தெரியுமா.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் தம்பின். அங்கிருந்து ரயில். சிவகாமி பாடுவதற்கு முன்னால் வந்துவிடுவேன். ஸ்டேஷனுக்கு வரச் சொல்.

ஜெயபாலன்


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
சிகாமட்.
1-9-1957

சிவகாமியின் அப்பாவுக்கு,

நீங்கள் வரவில்லை.

அவள் வெள்ளைச் சட்டையோடு பிளாட்பாரத்தில் நின்றாள். காலை ரயிலில் இல்லை என்றதும் ஊர்வலத்துக்குப் போகமாட்டேன் என்றாள். நான்தான் அதட்டி அனுப்பினேன். பாடிவிட்டு ஓடி வந்து, மறுபடி ஸ்டேஷனுக்குப் போனாள். அண்ணன் சாயங்கால ரயில் வரைக்கும் அவளோடு நின்றார்.

பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

விஜயா


காஜா பேராங் சாலை,
மலாக்கா.
4-9-1957

அன்புள்ள விஜயாவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. நான் குடிக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாசரோவிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று போனேன். ஞாயிற்றுக்கிழமை என்னால் வர முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் வீடு உஜோங் பாசிரில் கடலோரம். ஒண்டி ஆள், மனைவி போய்விட்டார். கதவு திறந்தே கிடந்தது. அவர் அடுப்படித் தரையில் கிடந்தார். பக்கத்தில் பிராந்தி பாட்டில். ஒன்பது வருஷமாகத் தொடாதவர். எங்களுக்கெல்லாம் அந்த வழியைக் காட்டியவர்.

என்னைப் பார்த்ததும் அழுதார். துறைமுகத்துப் பழைய சிநேகிதர்கள் வந்தார்களாம். நாடு சுதந்திரம் அடைகிறது, ஒரு கிளாஸ் என்றார்களாம். “சத்து கிளாஸ் சஜா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரே ஒரு கிளாஸ்தான் என்று. நம் வீட்டில் நான் சொன்ன அதே வார்த்தை. அதை அந்தப் பக்கம் நின்று கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தம்பிராஜா பிள்ளை மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் போயிருந்தார். சீனரின் கடை பூட்டியிருந்தது. வேறு யாரிடம் ஒப்படைப்பேன்? விடியும்போது அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஊரெல்லாம் வாத்தியம், ஊர்வலம். ஒரு டாக்சி நிற்கவில்லை, கடைசியில் மீன் லாரியில் ஏற்றிப் போனோம். சேதுராமன்தான் இருந்தார். “நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்” என்று சொன்னார். சொன்னார்தான், மறைக்கவில்லை. ஆனால் லாசரோ என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை என்னால் எடுத்துவிட முடியவில்லை.

தந்தி கொடுத்திருக்கலாம் என்று நீ கேட்பாய். தபால் ஆபீஸ் மூடியிருந்தது. ரயில்வே மூலம் மச்சானுக்குச் சொல்லியிருக்கலாம் என்பது மறுநாள்தான் மண்டையில் ஏறியது.

அவர் பிழைத்துக்கொண்டார். ஞாயிறு நான்கு மணிக்கு அறையை யார் திறப்பது? ஆஸ்பத்திரியில் அவர் சட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்த சாவி என்னிடம் இருந்தது. நான்தான் திறந்தேன். சீனர் வந்தார். இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த வாரமே வரட்டுமா? ஒரு வரி எழுது. சிவகாமியிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெயபாலன்


காஜா பேராங் சாலை,
மலாக்கா.
6-10-1957

அன்புள்ள விஜயாவுக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ எழுதாமல் நான் அங்கே வந்து நிற்பது சரியாகப் படவில்லை.

லாசரோ மறுபடி வர ஆரம்பித்திருக்கிறார். ஆனால் பேசுவதில்லை, சாவியையும் வாங்க மறுக்கிறார். அதனால் என்னிடமே இருக்கிறது. புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள். அதில் ஒருவர் நம்மவர், புக்கிட் பாரு தோட்டத்துக்காரர்.

தீபாவளி வருகிறது. எதுவானாலும் எழுது.

ஜெயபாலன்


தோட்டத் தமிழ்ப் பள்ளிக் குவார்ட்டர்ஸ்,
சிகாமட்.
27-10-1957

அத்தானுக்கு,

வெகு காலத்துக்குப் பிறகு இப்படி அழைத்து எழுதுகிறேன். இதை நான் கோபத்தில் எழுதவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக.

போன ஞாயிறு நான் மலாக்கா வந்திருந்தேன். தீபாவளிக்குத் துணி எடுக்க என்று அண்ணியிடம் சொன்னேன். துணிக்காக வரவில்லை. நீங்கள் எழுதியது உண்மையா என்று பார்க்க வந்தேன். அண்ணன் அன்றைக்கு டிப்போவுக்கு வெளியே மறைந்து நின்றது போல நானும் நின்றேன். என்ன குடும்பம் நாம்.

மாதா கோயில் பக்கம் விசாரித்துக்கொண்டு அந்த அறைக்கு வந்தேன். பின்புறம் ஜன்னல் திறந்திருந்தது. உயரமான ஒரு நரைத்த மனிதர் மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், அவர்தான் லாசரோ என்று நினைத்தேன். நீங்கள் நடுவில் இருந்தீர்கள். உங்களுக்கு எதிரே ஒரு ஆள், தோட்டத்துக்காரர் போல, குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரால் கோப்பியைப் பிடிக்க முடியவில்லை. நீங்கள் குவளையை அவர் கையில் வைத்து, அந்தக் கையைச் சுற்றி உங்கள் இரண்டு கையையும் வைத்துப் பிடித்துக்கொண்டீர்கள். “அவசரமில்ல. உக்காருங்க. அவசரமில்ல” என்றீர்கள். தமிழில்தான் சொன்னீர்கள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. நமக்குக் கலியாணமாகிப் பத்து வருஷம்.

உண்மைதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குடிக்கவில்லை. எனக்கு அது தெரிந்துவிட்டது. கூப்பிட்டிருக்கலாம். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு கடைசி பஸ் போய்விடுமே என்று நடந்தேன்.

ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். முன்பு நீங்கள் வராமல் போனால் குடி என்று சொல்லி ஆறிவிடுவேன். இந்தத் தடவை குடியில்லை. நல்ல காரியம் செய்துகொண்டிருந்தீர்கள். ஒரு உயிரைக் காப்பாற்றினீர்கள். அதைக் குறை சொன்னால் எனக்குத்தான் பாவம். ஆனால் பிளாட்பாரத்தில் பிள்ளை நின்றது நின்றதுதான் அத்தான். உங்களுக்கு அந்த அறை வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் இல்லை. அதையும் கண்ணால் பார்த்துவிட்டேன். அது இருக்கும்வரை நாங்கள் இரண்டாவதுதான். அதுவும் சரிதான். ஆனால் மறுபடி உட்கார்ந்து காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. கோபம் இருந்த காலத்தில் உங்களோடு இருந்துவிட்டேன். கோபம் போன பிறகுதான் களைப்பு தெரிகிறது.

பள்ளியில் என்னை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் வீடு கொடுத்திருக்கிறார்கள், ஓர் அறையும் அடுப்படியும். சிவகாமியும் நானும் மாறி வந்துவிட்டோம். அண்ணி என் கடிதத்தைப் படிப்பதில்லை. இரவில் தூங்குகிறேன். விடியும் வரைக்கும் தூங்குகிறேன். இதை விட்டு வர மனம் இல்லை.

நாங்கள் மலாக்காவுக்கு வர மாட்டோம். பார்ப்போம் என்று எழுதினால் நீங்கள் காத்திருப்பீர்கள். அது என்ன என்று எனக்குத் தெரியும், அதனால் முடிவாகவே எழுதுகிறேன்.

சிவகாமி உங்கள் மகள். எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள். ஆனால் வருகிறேன் என்று எழுதாதீர்கள். அவளிடம் நானும் சொல்லி வைக்க மாட்டேன். வந்தால் வந்ததாக இருக்கட்டும். சோறு இருக்கும்.

வெளியே மழை. பிள்ளை தூங்கிவிட்டாள்.

விஜயா


காஜா பேராங் சாலை,
மலாக்கா.
10-11-1957

விஜயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கூப்பிடாமல் போனாயே என்று முதலில் தோன்றியது. நீ கூப்பிட்டிருந்தால் நான் ஓடி வந்திருப்பேன், அழுதிருப்பேன், நீயும் இரக்கப்பட்டு வந்திருப்பாய். நீ நடந்து போனதுதான் சரி. இதை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

நீ எழுதியதில் மறுத்துச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பத்து வருஷம் நீ தூங்கவில்லை என்பதுகூட எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

உன் தையல் மிஷினை நேற்று தம்பினில் ரயிலில் ஏற்றிவிட்டேன். மச்சான் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன், ஸ்டேஷனில் எடுத்து வந்து தருவார். பலகையும் காலும் தனித்தனியாகக் கட்டியிருக்கிறது. திருகாணிகளைத் துணியில் முடிந்து இழுப்பறைக்குள் வைத்திருக்கிறேன். நீ வருவாய் என்று இத்தனை நாளும் வாரா வாரம் எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். பழைய வார் நைந்து போயிருந்தது, புதிது மாட்டியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு துண்டுத் துணியை வைத்து மிதித்துப் பார்த்தேன். நேராகத் தைக்கிறது.

ஜெயபாலன்